கனகராஜ் அண்ணனின் ஆடாத மேசை

செய்தி வந்தபோது நான் கனகராஜ் அண்ணன் மேல் கோபமாக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மேற்கொண்டு எழுத வராது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் இனியா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாதி நின்றும் பாதி தொங்கியும், எதிரே இருந்த குழந்தையின் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் பிசியோ மேடம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "பிரேம் பன் கயா?" போன தடவையும் அதுதான். இனியாவை நிறுத்தி வைக்கும் பிரேம் ஆயிற்றா, ஆயிற்றா. ஆகவில்லை. செய்து தருகிறேன் என்று சொன்ன மனிதர் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கச்சால் தீவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். வரட்டும், வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணனின் மனைவி பாக்கியம் அக்காவின் போன் வந்தது.

கச்சாலிலிருந்து லைன் கிடைப்பதே பெரிய விஷயம். எடுத்தேன், அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை குரல் தெளிவாக வந்தது.

"பிள்ள, அவரு செத்துட்டாரு. காலைல நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. அவ்வளவுதான்."

என் வாயில் கோத்து வைத்திருந்த அத்தனையும் அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து இனியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். போனோம். மேடம் கேட்டார். "நஹி ஹுவா" என்றேன். ஆகவில்லை.

நம் சங்கத்தின் நினைவு மலருக்கு எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான்தான் பாக்கி. பிள்ளை தூங்கிய பிறகு உட்காரலாம் என்று பார்த்தால், அவளுக்கு முன்பே நான் தூங்கிவிடுகிறேன். ஒருவர் அண்ணனைப் "பொறுமையின் உருவம்" என்று எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எழுதியவர் மன்னிக்கவும். பொறுமையெல்லாம் எங்களிடம்தான் இருந்தது. அண்ணன் அதை எடுத்துத் தாராளமாகச் செலவு செய்துகொண்டிருந்தார்.

அவரைத் தெரியாதவர்கள் கையிலும் இந்த மலர் போகலாம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். அண்ணனின் பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். அண்ணன் அங்கே பிறந்து, தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்து, முதுகு ஒத்துழைக்காமல் முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே லம்பா லைனில் வீடு கட்டினார். பின்பகுதியில் அவரும் பாக்கியம் அக்காவும். முன்பகுதியில் வாடகைக்கு நாங்கள். என் கணவருக்குத் தெற்குக் கோடித் தீவில், கேம்பல்பேயில் ரோடு வேலை. லீவும் கப்பலும் ஒத்துப்போகும்போது வருவார், அதாவது அபூர்வமாக. இரண்டு பகுதிக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஷெட். அதுதான் அண்ணனின் பட்டறை. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர் முதுகு தெரியும்.

அவர் செய்த ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். துணி காயப்போடும் ஸ்டாண்ட், சிலிண்டர் வைக்கும் வண்டி, பூந்தொட்டி அடுக்கு. அதன் ஒரு காலுக்கடியில் மடித்த அட்டையும் இருக்கும். கனகராஜ் அண்ணன் செய்த சாமான் எதுவும் நான்கு காலும் ஊன்றி நின்றதாக ஜங்லிகாட் முதல் பத்துபஸ்தி வரை யாரும் சொன்னதில்லை. ஜங்லிகாட்டில் இரும்பு சாமான் கடை வைத்திருக்கும் மாணிக்கம் சொல்வார், "அண்ணன் குடுத்த ஸ்டூல்ல உக்காந்தா கடையில தூக்கமே வராது. கண்ணு சொக்குனா கவுத்துடும்." அண்ணன் அசரமாட்டார். "சாமான் சரியாத்தான் இருக்கு. ஒங்க தரைதான் சரியில்ல" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனியா குறைமாதத்தில் பிறந்தவள். உட்காரப் பிந்தினாள், தவழப் பிந்தினாள், நிற்க வேண்டிய வயது வந்தபோது கால்கள் எடையை வாங்கவில்லை. தினமும் அரைமணி நேரம் பிரேமில் நிறுத்தி வையுங்கள், இந்த வயதில் செய்தால்தான் பலன், தள்ளிப்போடாதீர்கள் என்றார் பிசியோ மேடம். "தள்ளிப்போடாதீர்கள்" என்ற சொல்லை எந்தத் தாயிடமும் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லக்கூடாது. நான் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

போனில் தேடினேன். விதவிதமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நம் பின்கோடை அடித்ததும் ஒரே பதில், இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது. இந்தத் தீவில் வாழும் யாருக்கும் அந்த வரி புதிதில்லை. ஆனால் செருப்புக்கு அந்த வரி வருவதும் பிள்ளையின் காலுக்கு வருவதும் ஒன்றல்ல. மெயின்லேண்டில் வாங்கிக் கப்பலில் போடலாம் என்றார்கள். அளவு தவறினால் திருப்பி அனுப்பி, மறுபடி வந்து, அதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள். குழாயடியில் நின்று இதையெல்லாம் கணவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் பல் விளக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"படத்த காட்டுங்க டீச்சர்."

காட்டினேன். நான்கு கால், நடுவில் பலகை, இடுப்புக்கு ஒரு பெல்ட், முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

"இதுக்கா இவ்வளவு கத்தல்? நான் செஞ்சு தாறேன். ஹோ ஜாயேகா."

ஆகிவிடும். அவரோடு பழகியவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையை நான் விளக்க வேண்டியதில்லை. மழையா, ஹோ ஜாயேகா. கப்பல் ரத்தா, ஹோ ஜாயேகா. அன்று மட்டும் அது எனக்குச் சாமி வாக்கு மாதிரி இருந்தது. அன்றே டேப்பை எடுத்து வந்து இனியாவை அளந்தார். அவள் டேப்பின் மறுமுனையைப் பிடுங்கி வாயில் வைத்தாள். "என்னாம்மா, அளவ திங்கிற? பொறகு நா எப்புடி செய்யிறது?" என்றார். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று அளந்து ஷெட் தகரத்தில் சாக்பீஸால் எழுதினார். நான் அக்காவுக்கு ரவாலட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் பிள்ளை நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் அண்ணன் ஷெட்டில் குந்தி உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"இந்தத் தர, மழத்தண்ணி ஓடட்டும்னு ஓட்டம் விட்டுப் போட்டது டீச்சர். அங்கிட்டும் சரியிது, இங்கிட்டும் சரியிது. இதுல வச்சுத்தான் இத்தன நாளும் வெல்டிங் அடிச்சேன். அதான் எல்லாச் சாமானும் ஆடுது."

"சரி. அதுக்கு?"

"மொதல்ல ஒரு மேச செய்யணும். இரும்பு மேச. மட்டமான மேச. அதுமேல வச்சுத்தான் பாப்பாவோட பிரேம அடிக்கணும்."

ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் ஆடும் சாமான் செய்து கொடுத்தபோது தோன்றாத ஞானம் என் பிள்ளையின் முறை வரும்போது தோன்றியது. "அண்ணே, லேசா ஆடினாலும் பரவால்ல, அட்டை வச்சுக்கறேன்" என்றேன். அண்ணன் முகம் மாறியது. அவர் சொன்னதில் நான் எழுத்துக்கு எழுத்து நினைவு வைத்திருப்பது இதைத்தான்.

"நிக்கிற சாமான் ஆடுனா பிள்ள சாமான நம்பாது. சாமான நம்பாட்டி காலயும் நம்பாது. துணி காயப்போடுற ஸ்டாண்டுக்கு அட்ட வைக்கலாம். பிள்ளைக்கு வைக்க மாட்டேன்."

இதை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது. பேச முடியாதபடி ஒருவர் உங்களைக் காக்க வைத்தால் வரும் எரிச்சல் தனி.

கால்களுக்கும் சட்டத்துக்கும் சதுர பைப் மாணிக்கத்தின் கடையிலேயே கிடைத்தது. மேலே போட வேண்டிய கனத்த பிளேட் கிடைக்கவில்லை. "அடுத்த ஷிப்ல வருது" என்றார் மாணிக்கம். அடுத்த கப்பல் வந்தது, அதில் சிமெண்ட் வந்தது. அதற்கடுத்த கப்பல் வானிலையால் தள்ளிப்போனது. மே மாத மழை பிடித்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அண்ணன் காலியான ஷெட்டில் கால்களை மட்டும் நிறுத்தி வைத்து மூலைமட்டம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னும் என்னண்ணே பாக்குறீங்க?" என்றால், "பாக்கப் பாக்கத்தான் தெரியும்" என்பார். எனக்கு என்ன தெரிந்தது என்றால், ஒவ்வொரு வாரமும் இனியாவின் பழைய சட்டைகள் இறுகிக்கொண்டே போனதுதான்.

கடைசியில், ஜங்லிகாட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பிமல்தா என்ற வங்காளி மூலமாக, உடைத்துப்போட்ட ஒரு படகின் பிளேட் கிடைத்தது. பிமல்தாவுக்கும் அண்ணனுக்கும் ஆகாது. அதாவது, தினம் பார்த்தால் தினம் சண்டை, இரண்டு நாள் பார்க்காவிட்டால் போன். "இவன் டேபிள் செய்து முடிக்கறதுக்குள்ள உன் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடும், டீச்சர்ஜி" என்று இந்தியில் சொல்லிவிட்டு பிளேட்டை இறக்கினார் பிமல்தா. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இவன் வெல்டிங்கப் பாத்தா கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்று தமிழில் சொன்னார். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். இருபது வருடப் பழக்கம்.

பிளேட் முழுக்க உப்புத் துரு. கிரைண்டரைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தச் சத்தம் இனியா தூங்கும் நேரத்தில்தான் தொடங்கும். சரியாக எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டி, கண் மூடியதும் பாயில் கிடத்தி நிமிர்ந்தால், கிர்ர்ர். மேலே ஏர்போர்ட்டுக்கு ஒரு விமானம் இறங்கும், கீழே இவர் கிரைண்டர். "அண்ணே, பிள்ள தூங்குது!" என்று ஜன்னலில் நின்று கத்துவேன். கையைத் தூக்கிக் காட்டுவார். நிறுத்துவார். ஐந்து நிமிடம் கழித்து, பிள்ளை தூங்கியிருக்கும் என்ற கணக்கில், மறுபடி ஆரம்பிப்பார். ஒரு நாள் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தது, இரவு பெய்த மழைச்சாரலில் காலைக்குள் மஞ்சள் பூத்துவிட்டது. அன்று அண்ணன் டீ கேட்டார். குடித்துவிட்டு மறுபடி தேய்த்தார். கிரைண்டரை வைத்துவிட்டு இடது தோளை அழுத்திக்கொள்ளும் பழக்கம் அந்த நாட்களில்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று அக்கா சொன்னார், நானும் சொன்னேன். "கேஸ்தான். ஹோ ஜாயேகா."

ஒருவழியாக பிளேட்டைச் சட்டத்தின் மேல் ஏற்றி வெல்டிங் அடித்தார். அன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது மேசை நின்றுகொண்டிருந்தது. மனசு நிறைந்துபோய் இனியாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன் மேசைக்கு இந்தப் பக்கம் குனிந்து, ஒரு நேர் பட்டையைப் பிளேட்டின் மேல் நிறுத்தி வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து அக்காவை டார்ச் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் தெரியிது டீச்சர்."

பட்டைக்கும் பிளேட்டுக்கும் நடுவே, ஓரத்தில், நூலிழை மாதிரி வெளிச்சம். சுற்றிலும் ஒரே மூச்சில் அடித்த சூட்டில் பிளேட் இழுத்து, நடுவில் அப்பளம் மாதிரி மேலெழும்பியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் பக்கமாக, ஆறவிட்டு ஆறவிட்டு அடித்திருக்க வேண்டுமாம். இது அவருக்குத் தெரியாததல்ல. "ஒங்க மொகத்தப் பாத்துப் பாத்து அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"இவ்வளவுதானே? இது போதும்ணே."

"போதாது. அறுத்துட்டு மறுபடி அடிக்கணும்."

அப்போது சொன்னேன். "அண்ணே, உங்க மேசைக்கு வயசு ஏறாது. என் பிள்ளைக்கு ஏறுது."

அக்கா டார்ச்சை அணைத்தார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் வெல்டிங் அடித்த இணைப்பை அறுக்கும் சத்தம் கேட்டது. இனியா தூங்கும் நேரத்தில் அன்று சத்தம் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். ஷெட் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த ஸ்டூல் ஆடஆட, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளை எழுந்துவிட்டாளா என்று. அப்படியே சில நாட்கள். பகலில் பாதி வேலையை அவள் தூக்கம் தின்றது. கோபம் குறைந்ததா என்றால் இல்லை, அதை வைக்க இடமில்லாமல் போனது.

மழை ஓய்ந்து தை பிறந்த வாரத்தில் மேசை முடிந்தது. ஷெட் தரையின் ஓட்டத்தைச் சரிக்கட்ட, நான்கு காலுக்கடியிலும் நட்டை வெல்டிங் வைத்து, பெரிய போல்ட்டுகளைத் தலைகீழாகத் திருகியிருந்தார். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கப் போல்ட்டைத் திருகினால் உயரும். ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நின்றது. பிறகு இனியாவின் சிவப்புப் பந்தை வாங்கி மேசை நடுவில் வைத்துக் கையை எடுத்தார். பந்து நின்றது. இனியா அது ஓடும் என்று காத்திருந்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பந்து எங்கே வைத்தாலும் ஓடிவிடும், அவளால் துரத்த முடியாது, அழுவாள். இங்கே பந்து ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், கையை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன். "எல்லாரும் வந்து பாக்கட்டும். அந்த பெங்காலியக் கூப்புடுங்க."

பார்த்தோம். நானும் சிரித்தேன். அதற்கு மறுவாரம் கச்சால் கல்யாணம். பிரேமுக்கான பைப்புகளை அறுத்து மேசையில் அடுக்கி, "வந்ததும் மொத வேல இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பகல் வேலை என்றார். அந்த ஒரு பகலைப் போகும் முன்னால் தந்துவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? கப்பல் டிக்கெட் கிடைத்த நாளில் போய்த்தான் ஆக வேண்டும், எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் கேட்கிறேன்.

அவரை அங்கேயே, பெற்றோரைப் புதைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அக்கா காரியங்கள் முடித்துக் கப்பலில் திரும்பினார். வந்த இரண்டாவது நாள் ஷெட் கதவைத் திறந்தார், பைப்புகளைப் பார்த்தார், பிமல்தாவுக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிமல்தா வந்தார். தகரத்தில் இருந்த சாக்பீஸ் அளவுகளை வாசித்தார். இனியா வளர்ந்திருந்தாள், மறுபடி அளந்தார், பைப்புகள் தாராளமாகவே அறுக்கப்பட்டிருந்தன. "பச்சி படி ஹோகி, இதை அவன் யோசித்திருக்கிறான்" என்றார், பிள்ளை வளரும் என்று. மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, மூலைகளில் ஒவ்வொரு வெல்டிங் பொட்டு வைத்து, குறுக்களவு பார்த்து, அடித்தார். காலையில் தொடங்கியது சாயங்கால டீக்குள் முடிந்தது.

எனக்கு அழுகை வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க மேசை. பிரேம் ஒரு பகல்.

"தாதா, இந்த மேசை இல்லாம செய்திருக்க முடியாதா?" என்று பிமல்தாவிடம் கேட்டேன்.

பிமல்தா பொய் சொல்லத் தெரியாத மனிதர். "முடியும். நாலு செங்கல், ஒரு நூல், ஒரு ரசமட்டம். போதும்." பிறகு உள்ளங்கையால் பிளேட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். "பர் டேபிள் அச்சா ஹை. ஆனா நல்ல மேசை. இப்படி ஒண்ணு என் கடையில இல்ல."

பிரேமைத் தூக்கி வந்து எங்கள் அறையில் ஜன்னலோரம் வைத்தோம். அந்தச் சின்ன அறையில் வேறு இடம் கிடையாது. இனியாவை நிறுத்தி பெல்ட்டைக் கட்டினேன். அவள் முன்கம்பியைப் பிடித்தாள். டக். பிரேம் ஒரு பக்கம் சாய்ந்தது. கையை மாற்றினாள். டக். மறுபக்கம் சாய்ந்தது. முகம் சுருங்கி, கால்களை மடக்கித் தொங்கிவிட்டாள்.

மறுபடி தூக்கிப்போய் மேசையில் வைத்தோம். ஆடவில்லை. நான்கு காலும் பிளேட்டில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. அறைக்குக் கொண்டுவந்தோம். டக். அப்போது இனியாவின் கையிலிருந்த பந்து விழுந்தது. அறையின் நடுவிலிருந்து தானே உருண்டு வாசலுக்குப் போனது. அதை எடுத்து ஓரடி தள்ளி வைத்தேன். பாத்ரூம் பக்கம் உருண்டது.

பாக்கியம் அக்கா வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயோ பிள்ள. இந்தத் தரய ஓட்டம் விட்டுப் போடச் சொன்னதே அவருதான். சாரல் அடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி வடியணும்னு கொத்தனாரு கூட நின்னு போட்டாரு."

ஊர்த் தரையை எல்லாம் குறை சொன்ன மனிதர். ஷெட் தரையைக் குந்தியிருந்து ஆராய்ந்த மனிதர். நூலிழை வெளிச்சத்துக்காக மேசையை அறுத்துப்போட்ட மனிதர். பிள்ளை நிற்கப்போவது எந்தத் தரையில் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ளே வந்து பார்க்கவில்லை. தானே கூட நின்று போட்ட தரை. எனக்கு எரிந்தது. பிமல்தா சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அட்டை ஒன்றை மடித்து எடுத்து வந்தார் பிமல்தா. "வேண்டாம்" என்றேன். அதைச் சொன்னது என் குரல் மாதிரி எனக்கே கேட்கவில்லை. "பிள்ளைக்கு அட்டை வைக்கக்கூடாது."

அப்படியானால் மேசைக்கு வைத்த மாதிரி பிரேம் கால்களிலும் போல்ட் வைக்க வேண்டும். நட்டு அவர் பையில் இருந்தது. முழுக்க மரை போட்ட அந்தக் கனத்துப் போல்ட் இல்லை. மாணிக்கத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "அடுத்த ஷிப்ல வருது தாதா."

அக்கா எழுந்து ஷெட்டுக்குப் போனார். ஸ்பேனரோடு மேசைக்குக் கீழே குனிந்தார்.

"பாபி, வேண்டாம்" என்று அக்காவைத் தடுத்தார் பிமல்தா. "அவன் கடைசியா செய்தது. மட்டம் போயிடும்."

"மேச நடக்கவா போகுது?" என்றார் அக்கா. "தூக்கு."

பிமல்தா ஜாக்கி வைத்து ஒவ்வொரு மூலையாகத் தூக்கினார். அக்காவே போல்ட்டுகளைக் கழற்றினார். கடைசிப் போல்ட் இறுகியிருந்தது. ஸ்பேனரில் முழு உடம்பையும் போட்டார். அசைந்தது. நான்கு போல்ட்டையும் புடவை முந்தியில் துடைத்து பிமல்தாவின் கையில் கொடுத்தார்.

இருட்டுவதற்குள் பிரேமின் கால்களில் நட்டு ஏறியது, போல்ட் ஏறியது. அறையில் வைத்துத் திருகித் திருகி நிறுத்தினோம். இனியா கம்பியைப் பிடித்தாள். ஒரு கையை மாற்றினாள். காத்திருந்தாள், டக் என்ற சத்தத்துக்கு. வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முழங்கால்கள் நிமிர்ந்தன. முழுதாக இல்லை, பாதிதான். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு அழுதாள், எடுத்துக்கொண்டேன்.

மேசை இப்போது ஆடுகிறது. எந்தப் பக்கம் கை வைத்தாலும் அந்தப் பக்கம் சாய்கிறது. அவ்வளவு பெரிய இரும்பை யாரும் நகர்த்தவும் முடியாது. அக்கா இனியாவின் பால்பவுடர் அட்டைப்பெட்டியை நான்காக மடித்து ஒரு காலுக்கடியில் செருகினார். எழுந்து தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பத்தான் அவரு செஞ்ச சாமான் மாதிரி இருக்கு."

மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில், எங்கள் வீட்டுத் துணி ஸ்டாண்டைத் தூக்கிப்போய் அந்த மேசையில் வைத்துப் பார்த்தேன். அட்டை வைத்த மேசைதான், இருந்தாலும் பிளேட்டில் மேடு பள்ளம் இல்லைதானே. எல்லாம் தரையின் குற்றம்தானோ, ஊரே சேர்ந்து அவரைக் கேலி செய்துவிட்டோமோ என்று ஒரு நினைப்பு. ஸ்டாண்ட் ஆடியது. நன்றாகவே ஆடியது. அண்ணன் வேலை அண்ணன் வேலைதான்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பவை என்று சொன்னால், என் பிள்ளையின் காலுக்கடியில் நான்கு போல்ட். அவர் வந்ததும் சொல்ல ஆஸ்பத்திரி பெஞ்சில் கோத்து வைத்த ஒரு திட்டு. கூடவே ஒரு பழக்கம். தினமும் இனியாவை நிறுத்துவதற்கு முன் பிரேமின் ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தும்போது அந்தத் திட்டை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். ஏன் இவ்வளவு லேட்டு, அண்ணே. நாலு மூலைக்கும் நாலு தடவை. எதுவும் ஆடுவதில்லை. அதன்பிறகு பெல்ட்டைக் கட்டுகிறேன்.